குரைப்பைக் கேட்க ஓர் இடம் வேண்டும்

உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சென்னை மாநகராட்சியின் எல்லை முடிந்து செங்கல்பட்டு மாவட்டம் தொடங்குகிறது. கானத்தூர், முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி, பட்டிபுலம் என்று மாமல்லபுரம்வரை கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும், குறிப்பாகக் கடலைப் பார்த்த பக்கம், வாரக் கடைசி வீடுகள் எழும்பி நிற்கின்றன. சனிக்கிழமை வருகிற உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமை மாலை கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் அந்த வீட்டைக் காப்பது ஒரு வாட்ச்மேனும் ஒரு நாயும்தான். வாட்ச்மேனுக்காவது பேச்சுத் துணைக்கு ஒரு டீக்கடை இருக்கும். நாய்க்குச் சங்கிலியின் நீளம்தான் உலகம். பொழுது சாய்ந்ததும் அது குரைக்கத் தொடங்கும். முதலில் சாலையில் போகிற பைக்குக்காக, அப்புறம் கடற்கரையில் திரியும் தெருநாய்களுக்குப் பதிலாக, கடைசியில் எதற்கென்றே தெரியாமல் விடியவிடிய. மதிலுக்கு அந்தப் பக்கம் மீனவர் குடியிருப்பு. விடிவதற்கு வெகுநேரம் முன்பே படகைத் தள்ள வேண்டியவர் அங்கே பாயில் புரண்டுகொண்டிருப்பார்.

ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில், செங்கல்பட்டு என்று அடுக்குமாடிகள் நெருங்கி வளர்ந்துவிட்டன. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட, பால்கனியில் விடப்பட்ட நாய் பகல் முழுக்கக் குரைக்கிறது. பகலில் குரைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்துக் காலை எட்டு மணிக்குத் தலையைச் சாய்க்கிறவருக்கு அதுதான் நடுராத்திரி.

இந்தத் தகராறு எப்படி வளர்கிறது என்பது தெருவில் வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். "சார், ராத்திரியில மட்டும் நாயைக் கொஞ்சம் உள்ளே கட்டிக்குங்களேன்" என்று முதலில் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். "நாய்னா குரைக்கத்தானே செய்யும்" என்று பதில் வரும். மறுபடி கேட்டால் குரல் உயரும். பிறகு குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் குறிப்பிடாமல் ஒரு செய்தி போடப்படும். பெயர் குறிப்பிட்டே பதில் வரும். காவல் நிலையத்துக்குப் போனால், "இதுக்கெல்லாமா ஸ்டேஷனுக்கு வருவீங்க, நீங்களே பேசி முடிச்சுக்குங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் பேச்சே நின்றுவிடும். எனக்குப் பயம் தருவது அந்தப் பேச்சற்ற கட்டம்தான். மதிலுக்கு மேலாக ஓர் உணவுப் பொட்டலம் வந்து விழுவது அப்போதுதான்.

நான் சொல்ல வருவது இரண்டு விஷயங்கள். குரைப்பைப் பற்றிப் புகார் சொல்கிறவர் நாய்க்கு எதிரி அல்லர். அவருடைய தூக்கம் உண்மையிலேயே பறிபோகிறது, அவரைக் கேட்க ஓர் இடம் வேண்டும். நஞ்சு வைக்கிறவரை அக்கம்பக்கத்துச் சண்டைக்காரர் என்று லேசாக விட்டுவிடக் கூடாது; அவர் குற்றவாளி, ஊருக்கே ஆபத்தானவர். நம் ஊர்களில் இந்த இரண்டும் தலைகீழாக நடக்கின்றன. புகார் சொன்னவர் மிருகவதைக்காரர் ஆகிறார். நஞ்சு வைத்தவர் யாரென்று தெரிந்தாலும், "சரி விடுங்க, பக்கத்து வீட்டுக்காரர், நாளைக்கும் முகத்துல முழிக்கணும்" என்று விஷயம் மூடப்படுகிறது.

வளர்ப்பு நாயைச் சாக்காக வைத்து மூளும் பகை எங்கே போய் நிற்கும் என்பதற்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டம் தாடிக்கொம்பு அருகே 62 வயது விவசாயி ஒருவர் அடிபட்டு இறந்தார். பக்கத்து வீட்டார் அவருக்கு உறவினர்கள். அவர்கள் பெயர் வைத்துச் செல்லமாக வளர்த்ததை இவர் 'நாய்' என்று சொன்னதுதான் சண்டைக்குக் காரணம் என்று காவல்துறை தெரிவித்தது. தோட்டத்து மோட்டாரை நிறுத்தப் போகிற பேரனிடம், நாய் இருக்கும், குச்சி எடுத்துக்கொண்டு போ என்று அவர் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை மாதப் புகைச்சல் இருந்திருக்க வேண்டும்! அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தூரில், நாயை நடத்திக் கூட்டிப் போவதில் எழுந்த தகராறில், வங்கிக் காவலாளி ஒருவர் தன் வீட்டு மாடியில் நின்று துப்பாக்கியால் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். ஆறு பேர் காயமடைந்தார்கள். இவை செய்தியானவை. செய்தியாகாமல் தெருவோடு முடிந்துபோகிற சண்டைகள் எத்தனையோ.

நம் கடற்கரைக்கு மிக நெருக்கமான உதாரணம் கேரளத்தில் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் அடிமலத்துறை ஒரு மீனவக் கிராமம். அங்கே புரூனோ என்ற லேப்ரடார் கடற்கரையில் சுற்றிவிட்டு, கரையில் கிடக்கும் படகின் நிழலில் படுத்துக்கொள்ளும். 2021 ஜூன் இறுதியில் மூன்று பேர் அதைக் கொக்கியில் மாட்டிப் படகில் தொங்கவிட்டுக் கட்டையால் அடித்தே கொன்று, உடலைக் கடலில் எறிந்தார்கள். காட்சி வீடியோவாகப் பரவியது. கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, அந்த வழக்குக்கே புரூனோவின் பெயரை வைத்தது. நாடு முழுவதும் அந்தக் கொடூரத்தைத்தான் பேசியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நீதிமன்றம் அடுத்து என்ன செய்தது என்பது. வளர்ப்பு விலங்குகளை உள்ளாட்சி அமைப்பில் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவிக்கும்படி கேரளத்தின் உள்ளாட்சி அமைப்புகளுக்கு உத்தரவிட்டது. குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கித் தருவது ஒரு வேலை. நாய் யாருடையது, தடுப்பூசி போட்டதா, தொல்லை தந்தால் யாரிடம் கேட்பது என்பதற்கெல்லாம் ஒரு பதிவேடு இருக்க வேண்டும் என்பது இன்னொரு வேலை. நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே பார்த்தது.

நஞ்சு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "ஒரு வாய் மருந்து, காலையில் கதை முடிஞ்சிடும்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். வயலில் அடிக்கும் பூச்சிமருந்துகளில் பல, நரம்புகளும் தசைகளும் பேசிக்கொள்ளும் வழியையே தாக்குபவை. நாயின் வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகும். கண்ணில் நீர் வடியும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். கழிச்சல், நடுக்கம், பிறகு வலிப்பு. மூச்சுக்குழாயில் நீர் கோத்துக்கொண்டு, கரையிலேயே மூழ்கிச் சாகும் சாவு அது. அட்ரோபின் ஊசி நேரத்துக்குக் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு. எலி மருந்துகளில் ஒரு வகை வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறுகிறது. நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு வெளியே வரும். மூடிய அறையில் அதைத் தூக்கி வைத்திருப்பவரையும், மேசையருகே நிற்கும் மருத்துவரையும் அது தாக்கும். இன்னொரு வகை ரத்தம் உறைவதைத் தடுப்பது. அதைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் நன்றாகவே ஓடியாடும்; பிறகு ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்து சரிந்து விழும். அதற்குள் யாருக்கும் எதையும் இணைத்துப் பார்க்கத் தோன்றாது. இதற்கு வைட்டமின் கே1 இருக்கிறது. காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்கலாம்.

ஆகவே வீட்டு வைத்தியம் வேண்டாம் என்பதைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றுவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முதலுதவி. அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். வலிப்பு வந்த நாயின் வாயில் பாலையோ முட்டையையோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். எலி மருந்து தின்றதற்குச் சாப்பாடு கொடுத்தால் வயிற்றில் அமிலம் கூடி வாயு அதிகமாகும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: மிச்சமிருக்கும் உணவையும் வாந்தியையும் கையுறையோடு ஒரு கவரில் எடுத்துக்கொண்டு, வண்டியின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் ஓடுவது. அதிலும் நம் மாவட்டத்துக்கு ஒரு குறை உண்டு. மாமல்லபுரத்தில் நள்ளிரவு நாய்க்கு வலிப்பு வந்தால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெரிய ஆஸ்பத்திரி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியினுடையது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 1962 எண்ணில் அழைக்கும் நடமாடும் கால்நடை ஊர்தி நல்ல திட்டம்தான்; ஆனால் அது கிராமத்து ஆடு மாடுகளை மனத்தில் வைத்து வந்தது. இவ்வளவு வளர்ப்பு நாய்கள் பெருகிவிட்ட கடற்கரையில், இரவு முழுவதும் அட்ரோபினோடு திறந்திருக்கும் ஓர் அரசுக் கால்நடை மருத்துவமனை கேட்பது பேராசை ஆகாது.

நஞ்சு குறி பார்த்துப் போவதில்லை. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே, எலித் தொல்லைக்காகத் தனியார் நிறுவனத்தை அழைத்து வீட்டுக்குள் மருந்து வைத்த குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனதை நாம் மறந்திருக்க முடியாது. அங்கே யாருக்கும் யாரையும் கொல்லும் எண்ணமில்லை. எண்ணத்தோடு வைக்கப்படும் நஞ்சோ திறந்தவெளியில், சோற்றோடும் கறியோடும் கலந்து கிடக்கிறது. தெருவில் தவழ்ந்து விளையாடும் குழந்தைக்கு அது நாய்க்கு வைத்தது என்று தெரியுமா? செத்த நாயைக் கொத்தும் காகம், பருந்து, வீட்டுக் கொல்லையில் திரியும் கீரி என்று நஞ்சு கைமாறிக்கொண்டே போகும். குப்பையோடு எறிந்தாலும் பள்ளம் தோண்டிப் புதைத்தாலும் மழைக்காலத்தில் அது ஏரிக்கும் கழிமுகத்துக்கும் வழி தேடும். கொளவாய் ஏரியும் வேடந்தாங்கலும் முட்டுக்காட்டுக் காயலும் உள்ள மாவட்டம் இது. ஆமைகள் முட்டையிட வரும் கரை இது.

சட்டத்தைப் பார்ப்போம். 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தில் நாய்களை ஸ்ட்ரிக்னின் செலுத்திக் கொல்வது குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நம் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே நஞ்சுதான் ஸ்ட்ரிக்னின். ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. ஒரு டீ, ஒரு வடையோடு முடிந்துபோகிற தண்டனையைக் கண்டு யார் அஞ்சுவார்கள்? இதனால்தான் பல காவலர்களும் இதை வழக்காகவே மதிப்பதில்லை.

ஆனால் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு, எந்த விலங்கையும் கொல்வது, நஞ்சிடுவது, முடமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்தாண்டுவரை சிறை என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் விலை பத்து ரூபாயா ஐம்பது ரூபாயா என்ற கணக்கு இருந்தது. அது நீங்கிவிட்டது. வெளிநாட்டு இன நாயும் தெருவில் பிறந்த நாட்டு நாயும் இந்தப் பிரிவின்முன் ஒன்றுதான். நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் காவல்துறையே வழக்குப் பதிய வேண்டிய குற்றம் இது. நாயை இழந்தவர் காவல் நிலையத்தில் "என் நாயைக் கொன்றுவிட்டார்கள்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. 325ஆவது பிரிவைக் குறிப்பிட்டு முதல் தகவல் அறிக்கை கேட்க வேண்டும். உடலைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்து, உள்ளுறுப்புகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கு இது கொடுமையான வேலைதான். பெரும்பாலோர் ஒரு துணியில் சுற்றி, ஒரு பூவை வைத்து, கொல்லையில் புதைத்துவிடுகிறார்கள். அதோடு சாட்சியமும் மண்ணுக்குள் போய்விடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இறந்த ஒவ்வொரு நாயும் நஞ்சால் இறந்ததல்ல. தடுப்பூசி போடாத குட்டியைப் பார்வோ வைரஸ் இரண்டே நாளில் கொண்டுபோய்விடும். உண்ணி பரப்பும் காய்ச்சலில் மூக்கில் ரத்தம் வரும்; பார்ப்பவருக்கு எலி மருந்து என்றே தோன்றும். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கட்டிய நாய் வெப்பத் தாக்கில் நுரை தள்ளிச் சாகும். மழைக்காலத்தில் பாம்பு தீண்டும். கடற்கரையில் வலையிலிருந்து கழித்துப் போடும் பேத்தை மீனில் கொடிய நஞ்சு உண்டு. மீனவர்கள் அதைக் கண்டால் ஒதுக்கிவிடுவார்கள். நாய்க்கு அந்த விவரம் எங்கே தெரியும்? பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் நாய் செத்தால், முதல் சந்தேகம் அவர்மேல்தான் விழுகிறது. ஆய்வு அறிக்கை கையில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் ஒருவரைக் கொலைகாரர் என்று எழுதுவது இன்னொரு பகையை நட்டு வளர்ப்பது. உடற்கூறாய்வு குற்றவாளியைப் பிடிப்பதற்கு எவ்வளவு தேவையோ, குற்றமற்றவரைக் காப்பதற்கும் அவ்வளவு தேவை.

இப்போது தூக்கம் கெட்டவரின் பக்கத்துக்கு வருவோம். அவருக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறுவரை 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. பக்கத்தில் நின்று கேட்டால் ஒரு பெரிய நாயின் குரைப்பு 90 டெசிபலைத் தாண்டும். ஆனால் ஒலிபெருக்கியையும் பட்டாசையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகளைக் காட்டி, நாய் வளர்ப்பவரிடம் பேச எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் சார் ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் இருக்கிறது. தெரு முழுவதும் பாதிக்கப்பட்டால் அந்த வழி உதவலாம். தூக்கம் கெட்டது ஒரே ஒரு வீட்டில் என்றால் அதுவும் கைகொடுக்காது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் குடியிருப்போர் சங்கங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. குரைக்கிறது என்ற காரணத்துக்காக ஒரு நாயைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றச் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று அது சொல்வதை நாய் வளர்ப்பவர்கள் அச்செடுத்து வைத்திருக்கிறார்கள். ஓயாத குரைப்பு அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல், குறிப்பாக இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்வதை யாரும் படித்துக் காட்டுவதில்லை.

சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமமில்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. உத்தண்டியில் அந்த விதி நின்றுவிடுகிறது. சுங்கச்சாவடிக்குத் தெற்கே இருக்கும் நாயின் குரைப்பு மட்டும் வேறா? செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமானபோது இங்கே பாதி ஊர்கள் கிராமமாகவும் பாதி ஊர்கள் நகரமாகவும் இருந்தன. ஊராட்சி அலுவலகம் இன்னும் குழாயும் தெருவிளக்குமாக இருக்க, அதன் எல்லைக்குள் கோடி ரூபாய் வீடுகளும் அவற்றின் காவல் நாய்களும் வந்துவிட்டன. வந்த வேகத்துக்கு ஒரு பதிவேடுகூட வரவில்லை.

நாய் ஏன் குரைக்கிறது என்பதை வளர்ப்பவர் உட்கார்ந்து கவனித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாய்க்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். நமக்கு நிசப்தமான இரவு அதற்கு ஓசைகள் நிறைந்த இரவு. தெருவைப் பார்க்கும் கேட்டுக்கருகே கட்டிப்போட்ட நாய் ஒவ்வோர் அசைவுக்கும் குரைக்கும். அதையே வீட்டின் பின்பக்கம், பார்வை மறைவாகக் கட்டினால் பாதி அடங்கும். கூட்டத்தோடு வாழப் பிறந்த பிராணி, ஆளில்லாத வீட்டில் நாள்கணக்கில் தனியாகக் கிடந்தால் குரைப்பதைத் தவிர அதற்கு வேறென்ன தெரியும்? காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் நடத்திக் கூட்டிப் போன நாய் இரவில் தூங்கும். பனிப் பிரதேசத்தில் வண்டியிழுக்க வளர்க்கப்பட்ட ஹஸ்கியை வாங்கிவந்து செங்கல்பட்டு வெயிலில் கட்டிவைத்துவிட்டு, அது ஊளையிடுகிறது என்று அலுத்துக்கொள்வது நியாயமில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானைச் செதுக்கியவன் ஒரு மானை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்! தன் நாயை அதில் கால்வாசி நேரமாவது பார்க்காதவர் நாய் வளர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. இதில் எனக்குச் சமரசமில்லை.

நாய் மீதான பயமும் பொய்யல்ல. தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. 43 பேர் ரேபிஸால் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறின. இத்தகைய செய்திகளுக்குப் பிறகு பக்கத்து வீட்டில் குரைக்கும் நாயைப் பார்க்கிற கண் மாறிவிடுகிறது. எரிச்சலோடு பயமும் சேர்ந்துகொண்டால் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் நஞ்சாலும் கொலையாலும் நாய்த்தொல்லை தீர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கும் மேலாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. பிற்காலத்தில் அதற்கு மின்சாரத்தைப் பயன்படுத்தியது. நாய்கள் குறையவில்லை. 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் விடாமல் வாதாடிய பிறகே, 1996இல் அதைக் கைவிட்டுக் கருத்தடைக்கு மாறினார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வும், டெல்லித் தெருநாய்களை வெறிநோயும் மூர்க்கமும் இல்லாத பட்சத்தில் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் சொன்னது.

ஆஸ்திரேலியாவின் பல உள்ளாட்சிகளில் குரைப்புப் புகார் என்று போனால், முதலில் ஒரு படிவத்தைக் கையில் கொடுப்பார்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் குரைத்தது என்று குறித்துக்கொண்டு வரச் சொல்வார்கள். அதைப் பார்த்துவிட்டு அதிகாரி நாய் வளர்ப்பவரிடம் பேசுவார். சின்ன விஷயம்தான். ஆனால் "எப்பப் பாத்தாலும் குரைக்குது", "எங்க நாய் குரைக்கவே குரைக்காது" என்ற இரண்டு வாய்ச்சொற்களுக்கு நடுவே ஒரு காகிதம் வந்துவிடுகிறது. காகிதத்தோடு சண்டை போட முடியாது. இத்தாலியில் 2008இலிருந்து, நஞ்சூட்டப்பட்டதாகச் சந்தேகப்படும் விலங்கைப் பார்த்த கால்நடை மருத்துவர் ஊர் மேயருக்கும் பொதுச் சுகாதாரத் துறைக்கும் தெரிவித்தாக வேண்டும். மாதிரி அரசு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நஞ்சுணவு கிடக்கிறதா என்று இடத்தைத் தேடிச் சுத்தம் செய்வது மேயரின் பொறுப்பு. அதற்கென்று நஞ்சை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்கள்கூட அங்கே உண்டு. ஒரு நாயின் சாவை ஊர் முழுவதுக்குமான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

செங்கல்பட்டில் இதைச் செய்யப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் மனம் வைத்தால் போதும். கடற்கரை ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் வளர்ப்பு நாய்ப் பதிவேடு தொடங்கலாம். பூட்டிக்கிடக்கும் வாரக் கடைசி வீடுகளில் நாய்க்குப் பொறுப்பாளர் யார், அவர் கைபேசி எண் என்ன என்பதும் அதில் இருக்கட்டும். வாட்ச்மேனைக் குறை சொல்லிப் பயனில்லை. குறைந்த சம்பளத்தில் இருக்கும் அவருக்கு, முதலாளி கட்டிப்போட்ட நாயை அவிழ்க்கும் அதிகாரம்கூட இருக்காது. குரைப்புப் புகாரை ஊராட்சிச் செயலரோ நகராட்சிச் சுகாதார ஆய்வாளரோ எழுத்தில் வாங்கி, ஒரு வாரத்துக்குள் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். கூடவே உள்ளூர்க் கால்நடை மருத்துவர் இருந்தால், நாயை எங்கே கட்டுவது, எப்போது நடத்துவது என்று சொல்ல அவருக்குத்தான் தெரியும். இரண்டு முறை சொல்லியும் கேட்காதவருக்கு அபராதம் போடுங்கள். அதேபோல, நஞ்சு என்று சந்தேகப்படும் ஒவ்வொரு சாவுக்கும் கட்டணமில்லாமல் உடற்கூறாய்வு செய்து, அறிக்கையைக் காவல் நிலையத்துக்கு நேராக அனுப்ப வேண்டும். நாய்க்காரர் புகார் கொடுக்கிறாரா இல்லையா என்று காத்திருக்கக் கூடாது. அந்தத் தெருவில் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

இவையெல்லாம் வரும்வரை நாய் வளர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது உங்கள் நாய் சமர்த்தாகத்தான் இருக்கும். நீங்கள் இல்லாதபோது அது எவ்வளவு நேரம் குரைக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. தெரிந்தவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே நீங்கள் போய்க் கதவைத் தட்டி, "எங்க நாய் நாங்க இல்லாதப்போ ரொம்பக் குரைக்குதா?" என்று கேளுங்கள். உங்கள் கைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.